நாலாம் மேசையின் அடிக்குரல்

எங்கள் பாட்டுக் குழுவின் வரலாற்றை யாராவது எழுதுவதென்றால் நண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மன்னாரில் ஒரு நண்டுக் கொம்பனி. அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பது எங்கள் வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் நண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் வாய் சும்மா இருக்காது. நாலாம் மேசையில் நாங்கள் நாலு பெண்கள் பாடத் தொடங்கியது அப்படித்தான்.

எனக்கு எதிரே சிலாவத்துறைக்காரி, இரண்டு பிள்ளைகளின் உம்மா. அவளுக்குப் பக்கத்தில் முள்ளிக்குளத்துக்காரி. தேன் போன்ற குரல், ஆனால் எதற்கும் ஒரு தாளத் தட்டுப் பிந்தித்தான் வருவாள். என் பக்கத்தில் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பிய சின்னப் பெண். எங்கள் எல்லோருக்கும் இளையவள், வாயில் மட்டும் மூத்தவள். மதிய இடைவேளையில் கைபேசியை வாங்கி வந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காணொளியைக் காட்டியவள் அவள்தான்.

“அக்கா, இது டூ-வொப். அமெரிக்காவுல கறுப்பின பசங்க ரோட்டு முனையில நின்னு பாடுனது. வாத்தியம் வாங்க வசதி கிடையாது. அதனால மேளம், கிட்டார் எல்லாமே வாய்தான்.”

கோட்டுப் போட்ட நாலு பேர். ஒருவன் உருகி உருகிப் பாடுகிறான். இரண்டு பேர் பின்னால் நின்று “ஊ… வா” என்கிறார்கள். கடைசியில் நெட்டையாக நிற்பவன் பூமிக்கடியிலிருந்து “டும் டும் டுபி டும்” என்கிறான். அவனுக்கு வேறு வேலையே இல்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது.

என் குரல் பதின்மூன்று வயதில் கீழே இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. மாதா கோயில் பாடகர் குழாமில் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பிள்ளை, நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ” என்றார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, “பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன், சளியில குரல் அடைச்சுப்போச்சு” என்று சொல்லிவைத்தார். அந்தத் தடிமன் நாலு வருடம் மாறவில்லை. கடையில்கூட நான் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவேன்.

“அந்த நெட்டையன் நீங்கதான் அக்கா” என்றாள் சின்னவள்.

நண்டுச் சட்டிக்குள் குனிந்து மெதுவாக ஒரு “டும்” போட்டேன். சட்டி அதிர்ந்தது. இன்னொன்று போட்டேன். தூரத்தில் நின்ற சுப்பவைசர் ஓடிவந்து மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். “இங்க மோட்டர் ஏதும் ஓடுதோ?” சிரிப்பை அடக்கமுடியாமல் முள்ளிக்குளத்துக்காரி கழிவறைக்கு ஓடினாள். அன்றைக்கு நாங்கள் எத்தனை நண்டின் சதையை ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டோம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பெரிய குழுக்களுக்கு உள்ள எல்லா நோயும் எங்களுக்கும் வந்தது. யார் முன்னால் பாடுவது என்று சண்டை பிடித்தோம். முள்ளிக்குளத்துக்காரி இரண்டு கிழமை கோபித்துக்கொண்டு ஏழாம் மேசைக்குப் போனாள். ஒரு சரணம் தருகிறோம் என்று கெஞ்சிக் கூட்டிவந்தோம். பெயர் வைப்பதிலும் ஒற்றுமை இல்லை, கடைசியில் நாலாம் மேசை என்றே நிலைத்துவிட்டது. ஒரு பிறந்தநாள், டிசம்பரில் ஒரு நத்தார் விழா என்று பாடினோம். அங்கெல்லாம் நான் பாதிக் குரலோடுதான் நின்றேன்.

பிறகு சிலாவத்துறைக்காரியின் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது.

“எங்கட வீட்டில வாத்தியம் வைக்க மாட்டாங்க. வாய்க்குத் தடையில்ல. வாப்பாட்ட கேட்டுட்டேன், பொம்புளையள் பக்கத்தில பாடலாமாம்” என்றாள் அவள். எங்கள் குழுவுக்கென்றே செய்துவைத்த வீடு போலிருந்தது.

முற்றத்தில் பந்தல். நடுவே சேலைகளைக் கட்டித் திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். காலையிலிருந்தே மின்சாரம் இல்லை, வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி மூலையில் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தாயிற்று, நிக்காஹ் இனித்தான். மணப்பெண்ணை வாழ்த்தி நாங்களே கட்டிய பாட்டைத் தொடங்கினோம். பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, வாழ்நாளில் முதல் தடவையாக முழுக் குரலையும் அவிழ்த்துவிட்டேன். என்ன சுகம்!

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

“உள்ளுக்க ஆம்பிள யாரு?” மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார்.

“மாமா, இங்க ஆம்பிள இல்ல!” என்றாள் சிலாவத்துறைக்காரி.

“எங்களுக்கென்ன காது கேக்காதா?”

உதவி செய்கிறேன் என்று நினைத்து நான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன், “ஐயா, நான்தான் பாடினனான்.”

“இந்தா, அவனே ஒத்துக்கிட்டான்!”

கதிரைகள் இழுபடும் சத்தம். மாப்பிள்ளை பக்கத்தார் எழும்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் சிரித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “தங்கச்சிட கல்யாணம் நிண்டுடும்” என்று சிலாவத்துறைக்காரி என் கையைப் பிடித்தாள். உள்ளறையில் மணப்பெண் அழுவது கேட்டது. பின்வாசலால் ஓடி மன்னார் பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் ஓடினால் ஓடியது ஓர் ஆண் என்று ஆகிவிடும். அந்தப் பிள்ளையின் பெயர் காலத்துக்கும் கெட்டுவிடும்.

திரையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். நாற்பது ஆண்கள்.

“நீங்க யாரு புள்ள? அந்த ஆளக் கூப்பிடுங்க” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

“அந்த ஆள் நான்தான் ஐயா.”

“உள்ளுக்க இருந்து அவன் பேசுறான், இது வாய அசைக்குது” என்றார் பின்னால் ஒருவர்.

மாப்பிள்ளையின் வாப்பா கிட்ட வந்து என் வாயையே பார்த்தார். “பாடுங்க பாப்பம்.”

அடிக்குரலைத் தனியாகப் பாடினால் அது பாட்டே இல்லை. சேலை கட்டிய ஒருத்தி நாற்பது ஆண்களுக்கு முன்னால் நின்று “டும் டும் டுபி டும்” என்றேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் “டும் டும் டுபி டும்.” அப்போது திரைக்குப் பின்னால், வழக்கம்போல ஒரு தட்டுப் பிந்தி, முள்ளிக்குளத்துக்காரி “ஊ… வா” என்றாள். மற்ற இருவரும் சேர்ந்தார்கள். முதலில் வெடித்துச் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவருடைய வாப்பாவின் தாடி குலுங்கியது.

“மாஷா அல்லாஹ். இவ்வளவு பெரிய குரல எங்க வச்சிருக்கீங்க புள்ள?” என்றுவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். மற்றவர்களும் திரும்ப அமர்ந்தார்கள். நான் திரையோரம் வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மௌலவி மெல்லிய குரலில் நிக்காஹை நடத்தி முடித்தார். இந்தப் பக்கம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெண்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றுபோனதோ, நடந்ததோ என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா சுற்றிமுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார்.

“புள்ள, கரண்ட் இல்ல. முடிஞ்சிட்டு எண்டு பொம்புளையளுக்குச் சொல்லுங்க. உங்கட குரல்தான் உள்ள வரைக்கும் போகும்.”

நெஞ்சு நிறைய மூச்செடுத்தேன். “நிக்காஹ் முடிஞ்சுது!”

முற்றம் தாண்டி, அடுப்படி தாண்டி, மணப்பெண் இருந்த உள்ளறை வரைக்கும் அது போனது. பெண்கள் குரவையிட்டார்கள். மணப்பெண்ணின் உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சின்னவள் துள்ளினாள். சொன்னது ஆண்குரலா பெண்குரலா என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. எனக்கும்தான்.