காப்புக் கட்டிய அன்று கொடுத்த மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. பேனாவை எடுப்பேன், அம்மன் முகம் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். இன்று விளக்கேற்றி அவளிடமே கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணில் நிற்பது மாமனாரின் முகம். காலை வெயிலில், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, செம்பருத்தியாய்ச் சிவந்திருந்த முகம்.

அறுபதுகளில் ஒரு வருஷம். விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாலு எட்டு நடந்தால் மாமாவுக்கு நெஞ்சை அடைத்தது. கண்ணோரம் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள். வீட்டுக்காரருக்கு நடவு வேலை. நான்தான் பஸ் ஏற்றித் திருச்சிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொலஸ்ட்ரால் என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். நியாசின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். விட்டமின்தானாம், அளவு கூட்டிப் போட்டால் ரத்தக் கொழுப்பு இறங்குமாம். மாமா வெளியே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கையில் டாக்டர் என்னிடம் சொன்னார்: "வெறும் வயித்துல குடுத்துராதீங்கம்மா. மொகமெல்லாம் செவந்து எரியும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

மாமாவின் அப்பாவும் தாத்தாவும் மாரியம்மன் கோவில் சாமியாடிகள். மாமாவுக்கு ஒருநாளும் அருள் வந்ததில்லை. "ஒங்க வீட்டுக்கு வர்ற வழி ஆத்தாளுக்கு மறந்துபோச்சுப்பா" என்று பங்காளி ஒருவர் திருவிழாவுக்குத் திருவிழா கேலி பேசுவார். மாமா சிரித்துக்கொள்வார். அப்புறம் சாப்பிட்ட கை காயக் காய அப்படியே உட்கார்ந்திருப்பார்.

காப்புக் கட்டும் அன்று மாமா விரதம். நான் பழக்கத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கோவில் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கையில் காப்புக் கட்டும்போது அவர் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் குப்பென்று சிவந்தது. மேளம் ஏறியது. உடம்பு நடுங்கியது.

"ஆத்தா வந்துட்டாடி!"

குலவை எழுந்தது. கேலி பேசிய பங்காளியே காலில் விழுந்தார். மாமா அழுதார். கூட்டத்தில் தொலைந்து, தாயைக் கண்டுகொண்ட பிள்ளை அழுவது போல அழுதார். எனக்கு டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வாய் திறக்கவில்லை.

ஆத்தா இறங்கிய உடம்புக்கு மருந்து ஆகாது என்பது எங்கள் வழக்கம். மறுநாள் மாத்திரையை நீட்டினேன். "இனிமே எதுக்குத் தாயி? அவ பாத்துக்குவா" என்றார். தினமும் அதே பேச்சு. எட்டாம் நாள் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வலி அடங்கியதும் அழுதுகொண்டே சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு வெறும் வயித்துல மாத்திரையக் குடுத்துட்டேன். அந்தச் செவப்பு அதுதான் மாமா."

கோவில் இருக்கும் திசையை வெகுநேரம் பார்த்தார். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். பிறகு, "தண்ணி கொண்டா" என்று கையை நீட்டினார்.

அதன்பின் ஒருவேளை தவறாமல் சோற்றுக்கப்புறம் போட்டார். கொழுப்பு இறங்கியிருக்கிறது என்று டாக்டரும் சொன்னார். அடுத்த வருஷம் காப்புக் கட்டன்று காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இன்னைக்கு ஒருநாள் மட்டும் சோத்துக்கு முன்னாடியே குடு, தாயி."

கொடுத்தேன்.

அன்று அவர் மேல் வந்தது எது என்று எனக்கு இன்றும் தெரியாது. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். மாத்திரையை மறைத்து அற்புதமாக்க வேண்டாம். அம்மனை மறைத்துச் சிரிப்பாக்கவும் வேண்டாம். அவர் கேட்டதைக் கேட்டபடியே சொல்லுங்கள்.