கப்பலில் வந்த அம்மைப்பால்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை குத்த வந்த நர்ஸ், அதன் கையில் ஸ்பிரிட் தடவினாள். வாடை என் ஜன்னல் வரை வந்தது. வயதானவனுக்கு மூக்குதான் எதிரி. வேண்டாததையெல்லாம் இழுத்து வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மை குத்தும் டிரசர் என்ற ஆஸ்பத்திரி உதவியாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். கறுப்புக் கோட்டுப் போட்டால் சனங்கள் நம்புவார்கள் என்று, சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைகளில் வெயிலில் வெந்துகொண்டு திரிவேன். சனங்கள் நம்பினார்களோ என்னவோ, மாடுகள் மிரண்டன.

அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்து கண்ணாடிக் குழல்களில், ஐஸ் பெட்டிக்குள் கப்பலில் வரும். அந்த முறை கப்பல் தாமதம். பெட்டியைத் திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

"இது பிடிக்குமா சார்?" என்றேன்.

"இருக்கிறது இதுதானப்பா" என்றார் டிரசர், ஆங்கிலத்தில். ஊரில் பெரியம்மை பரவிக்கொண்டிருந்தது.

பால்காரர் மனைவி ராசம்மா கொட்டகை வாசலை மறித்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் நாலு வயது முத்து.

"குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் பொறுப்பு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! குழந்தைக்குக் காய்ச்சல் என்று முத்துவை மட்டும் விட்டாள். அவன் அழவில்லை. என் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கையை நீட்டினான்.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். குத்திய இடத்தில் கொப்புளமே எழும்பவில்லை. மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். "இன்னொரு தடவ குத்தணும்மா" என்றேன். ஐஸ் உருகியதைச் சொல்லவில்லை.

அடுத்த கப்பலுக்கு முன்பே முத்துவுக்கு அம்மை கண்டது. பத்து நாளில் போய்விட்டான்.

கப்பல் வந்த பிறகும் அந்தக் கொட்டகைச் சந்துக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. ராசம்மாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மை குத்தும் இடத்துக்கு வந்து வரிசையில் நின்றாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அன்னிக்கு மருந்து கெட்டுப் போயிருந்துச்சும்மா. எனக்கு அப்பவே சந்தேகம்."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"இது நல்லதா?"

"நல்லதும்மா. ஐஸ் உருகல. நானே பாத்தேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தையின் கையை நீட்டிப் பிடித்தாள்.

இந்த முறை கொப்புளம் நன்றாகவே எழும்பியது. நான் போய்ப் பார்த்துச் சொன்னபோது ராசம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அங்கே கொட்டகைகள் இல்லை, கடைவீடுகள். பால்காரக் குடும்பங்கள் எந்தப் பக்கம் போயினவோ. முத்து என்று ஒரு பிள்ளை அங்கே ஓடித் திரிந்ததைச் சொல்ல, அந்தத் தெருவில் இன்று ஆள் இல்லை.