பாலிசியில் ஒரே ஒரு பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அப்போதெல்லாம் ஒரு சின்ன ஃபைபர் படகு டிரெய்லரில் நிற்கும். "கடல் எங்கியோ கெடக்கு, இந்த மனுஷன் படகு வாங்கிக்கினு வந்திருக்காரு பாரு" என்று பிளாக்கே சிரிக்கும். சிரிக்கட்டுமே! லீவு நாளில் அதை வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு இழுத்துப் போய் ஓட்டுவதில் எனக்கு அப்படியொரு கிறுக்கு.

அன்று என் செக்‌ஷன் நண்பரைக் கூட்டிப் போவதாக இருந்தது. காலையிலேயே நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸிலிருந்து போன். ஒருவர் வரவில்லை, உடனே ஷிஃப்டுக்கு வா என்றார்கள். எங்கள் வேலையில் ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் நிற்பது சகஜம். அதே பழக்கத்தில் படகுச் சாவியை நண்பரிடம் நீட்டி, "எனக்குப் பதிலா நீங்க ஓட்டிக்கினு போங்க, பழகின கைதானே" என்று அனுப்பிவிட்டேன். பெரிய தாராள மனசு என்று எனக்கு நானே சபாஷ் வேறு.

மத்தியானம் நண்பர் போன் செய்தார். படகைத் திருப்பும்போது வேகம் அடங்காமல், வலை வீசிக்கொண்டிருந்த ஒரு மீனவரின் படகில் மோதிவிட்டார். மீனவர் தண்ணீரில் விழ, நண்பர்தான் குதித்துத் தூக்கியிருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மீனவரின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அவர் படகும் பிளந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "கவலையே படாதீங்கண்ணே, இன்சூரன்ஸ் இருக்கு. எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க" என்று அந்த மீனவரிடம் மார்தட்டினேன்.

வீட்டுக்கு வந்துதான் பாலிசியை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் பாலிசியில் பெயர் உள்ளவர் ஓட்டினால் மட்டும். அதில் இருந்தது என் பெயர் ஒன்றுதான். "வேற யாராவது ஓட்டுவாங்களா சார்? பேரைச் சேத்துடலாம்" என்று பாலிசி எடுத்த அன்றைக்கே ஏஜென்ட் கேட்டார். "என் படகை எவன் தொடுவான்?" என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட புத்திசாலி நான்தான்.

பிளாக்கில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நண்பர் அன்றைக்கு வரவே இல்லை, ஓட்டியதும் தூக்கியதும் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதாம். நான் டூட்டியில் இருந்ததை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நண்பரும் தலையாட்டினார். காயம்பட்டவருக்காகத்தானே இந்தப் பொய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அந்த மீனவரையும் அப்படியே சொல்லச் சொல்லிக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை.

"காசு வேணும்தான் சார். வூட்ல ஒல கொதிக்கணும் இல்லியா? ஆனா மூச்சு முட்டிக்கினு கெடந்தவன தூக்குனது அந்தத் தம்பி. அவரு அங்க வரவே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே கிளெய்ம் கிடைக்கவில்லை. என் படகை விற்று அவர் படகைச் சரிசெய்தோம், வைத்தியமும் பார்த்தோம். கை கூடும்வரை லீவு நாட்களில் நானும் நண்பரும் போய் அவருடன் வலை இழுத்தோம். எங்கள் லட்சணத்தைப் பார்த்து மீனவரின் மனைவி, "மைன்ஸ்லயும் இப்படித்தான் வேல பாப்பீங்களா? அப்புறம் எப்படிங்க கரண்டு வருது?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

இப்போது எந்தப் பாலிசி வந்தாலும், என்ன கிடைக்கும் என்பதைவிட எப்போதெல்லாம் கிடைக்காது என்பதைத்தான் முதலில் படிக்கிறேன். ஆனால் அது சின்னப் பாடம். அன்று அந்த மீனவர் சரியென்று தலையாட்டியிருந்தால் பணம்கூடக் கிடைத்திருக்கலாம். அந்த மனிதரின் முகத்தில் விழிக்கத்தான் என்னால் இந்த ஜென்மத்தில் முடிந்திருக்காது.