கண்ணில் முளைத்த முடி

பிறக்கும்போதே என் இடக்கண்ணில், கருவிழியின் ஓரத்தில், மிளகளவு ஒரு வெள்ளை மேடு. ஊரில் அதைப் ‘பூ’ என்பார்கள். மூக்கில் இருந்திருந்தால் மரு என்றிருப்பார்கள். வேறு யார் கண்ணுக்கும் அது படக்கூடாது என்று அம்மா தினமும் அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் மை வைப்பாள், அதுவும் தடிமனாக.

அறுபதுகளின் கடைசி. கடம்பத்தூர் பக்கம் எங்கள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கண் உறுத்தத் தொடங்கியது. உமிதான் விழுந்திருக்கும் என்று அம்மா என்னை எதிர்வீட்டு அத்தையிடம் இழுத்துப்போனாள். கண்ணில் விழுந்த உமியை நாக்கு நுனியால் எடுப்பதில் அத்தை கெட்டிக்காரி. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் இமையை விரித்து, நாக்கை வைத்தவள் அப்படியே பின்வாங்கினாள்.

“ஐயோ, உமி இல்லடி! பூவுல முடி மொளைச்சிக்கீது!”

கண்ணில் முடியா? அம்மா முள்வாங்கியைத் தேடி ஓடினாள். “கைய வச்சின்னா கண்ணு பூடும்!” என்று நைனா கத்தினார். மறுநாள் காலை ரயிலில் மூவரும் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணைத் தோண்டிவிடுவார்கள் என்று வழியெல்லாம் அழுதேன்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பயப்படாதீங்க, கெட்ட கட்டி இல்ல. அபூர்வமா சிலருக்கு வரும். வயித்துல இருக்கும்போதே துளி தோல் வழி தப்பி கண்ணு மேல உக்காந்துடுச்சு. தோல்னா முடி முளைக்கத்தானே செய்யும்?” முடியைப் பிடுங்கியும் காட்டினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு அவர் என் வலக்கண்ணைப் பொத்தி, “எத்தனை விரல்?” என்றார்.

“எந்த விரல்?”

“வெளையாடாதடி, ஒழுங்கா சொல்லு” என்று அம்மா அதட்டினாள்.

நான் விளையாடவில்லை. அம்மா நின்ற இடத்தில் மஞ்சளாக ஒரு புடவை தெரிந்தது. அதற்கு மேல் முகம் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். எப்போதுமே இப்படித்தான் என்றேன். எல்லோருக்கும் ஒரு கண் பார்க்க, மற்றது ஜோடிக்கு என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. மேட்டை வெட்டிவிடலாம், ஆனால் சின்ன வயதிலேயே பார்க்கப் பழகாத கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்றார்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “தெனம் இந்தக் கண்ணுக்குத்தானே மை வெச்சேன். என்னியே பாத்துக்கினு இருந்தியேடி!”

பார்த்தது பக்கத்துக் கண்.