நான்தானே கேக்கறேன்

இஸ்திரி போடுவது அந்த வீட்டில் கணவர் வேலை. மனைவியின் துணிகளுக்கும் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் அவருடைய சட்டைகள் மட்டுமே கிடந்தன. தன்னுடையதை அவள் கசங்கலோடு அலமாரிக்குள் திணித்துவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இதே முறுக்குதான்.

ஆபீசில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். கம்பெனியின் கணினி அமைப்பைத் திட்டமிடும் ஆர்க்கிடெக்ட்டுகளுக்குப் பாடம் எடுப்பவர். ஆர்க்கிடெக்ட் என்று கேள்விப்பட்டு மச்சினி ஒருமுறை வீட்டுக்கு பிளான் போட்டுத் தரச் சொல்லி நச்சரித்தாள். “அவர் கட்டற ஆளு இல்லடி, பூட்டற ஆளு” என்றாள் மனைவி. பூட்டுவதுதான். ஜீரோ டிரஸ்ட் என்பார்கள். வாசலைத் தாண்டி வந்துவிட்டான் என்பதற்காக ஒருவனை நம்பிவிடாதே, ஒவ்வொரு கதவிலும் யாரென்று கேள். எதை முதலில் காப்பது, யாருக்கு எந்தக் கதவு போதும், எந்தப் பிரிவில் ஆரம்பித்தால் ஆட்கள் முரண்டு பிடிக்க மாட்டார்கள் என்றெல்லாம் திட்டம் போடச் சொல்லிக்கொடுப்பார்.

மனைவிக்கு அதே கம்பெனியில் கணக்குப் பிரிவு. அதனால் அவர் அவளைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என் வீட்டம்மாகிட்ட உங்க பருப்பு வேகாது. வேணும்னா ஏமாத்தி ஏதாவது கறக்க முடியுதான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போன இடத்தில் போனில் அவளைக் ‘கணக்கு’ என்று கொஞ்சியது முன்வரிசைக்காரன் காதில் விழுந்தது. பாடமெல்லாம் பதிவாகியிருந்ததால் அவர் குரலைக் கணினியில் அச்சாக வார்த்தெடுக்க அவன் சிரமப்படவில்லை. திரும்பி வந்தவரை உட்கார வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி அவளுக்குப் போன் போட்டான்.

“கணக்கு, என் போன் செத்துப்போச்சு. உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லேன்” என்றது அவர் குரல்.

“எதுக்குங்க?”

“நான்தானே கேக்கறேன்.”

எண்ணை வாசித்துவிட்டு, “குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள்.

அந்த எண்ணுக்குக் கம்பெனியின் மொத்தச் சம்பளக் கணக்கும் திறந்துகொண்டது. வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அவரும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்போடு பதிவு கணக்குப் பிரிவு வரைக்கும் போய்விட்டது.

இந்த ஞாயிறு கழிந்தால் திங்கட்கிழமை. பல மாதங்களாக இழுத்தடித்த மேலிடம் வகுப்பு போட்ட பூட்டுத் திட்டத்தைக் கேட்க அன்றைக்குத்தான் ஒருவழியாக நேரம் ஒதுக்கியிருந்தது. இந்தப் பதிவோடுதான் தொடங்குவோம் என்று மாணவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

அவள் வந்து கதவோரம் நின்றாள்.

“நாளைக்கு அதைப் போடப் போறாங்களா?”

“பேரை எடுத்துடுவாங்க.”

“குரலை? அன்னிக்குக் கிளம்பி லிஃப்ட்ல ஏறினதுமே மாத்திரை போட்டாச்சான்னு கேட்டாங்க.”

அவர் காலரை அழுத்தித் தேய்த்தார். “நீ திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“உங்ககிட்டயா? நீங்கதானான்னு?”

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

“நாளைக்கு நிஜமாவே ஏதாவது ஆகி, நீங்க ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டா நான் என்ன பண்ணட்டும்?”

இது பாடத்தில் உள்ள கேள்வி. அவருக்கு மூச்சு வந்தது. “நமக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கலாம். வெளில யாருக்கும் தெரியாத மாதிரி.”

“ஒண்ணு இருந்துச்சே” என்றாள்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்தப் பதிவு இல்லையென்றால் மேலிடம் மறுபடி கொட்டாவி விடும் என்பது அவருக்குத் தெரியும். தன் சிரிப்பும் அதில் இருக்கிறது என்பதும்.

“போட மாட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிஜமாத்தான். நான்தானே சொல்றேன், கணக்கு.”

“நாளைக்குப் பாத்துட்டு நம்பறேன்” என்று சொல்லி, இஸ்திரி போட்டு முடித்த சட்டைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு அவள் அறையை விட்டுப் போனாள்.