பதினொரு மணி வரைக்கும்

வின்சென்ட் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேனுக்குக் கீழே நின்றவர். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கையால் சைகை காட்டி, சரக்குப் பெட்டியை இறக்கவைப்பது வேலை. அவர் கை சொன்னால் நாற்பது டன் அந்தரத்தில் நிற்கும். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வாயும் அதற்கேற்ற நீளம்.

கெலுகோர் புறநகரின் கம்போங் குடியிருப்பில், யாரும் கேட்காமல் கிடந்த நிலத்தில், 1986-இல் பலகை வீடு கட்டினார். கவுன்சில்காரர்கள் வந்து வீட்டெண் தகடு அடித்தார்கள். லைட் மீட்டர் வந்தது. மனைவி தெரேசா அந்த வீட்டில்தான் இறந்தாள். நிலம் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குக் கைமாறியதும் கதவில் நீதிமன்றத் தாள் ஒட்டினார்கள். அனுமதியின்றிக் குடியிருக்கும் பெயர் தெரியாத நபர்களுக்கு என்று அதில் இருந்தது.

"என் பேரு தெரியாதவன் இந்தக் கம்போங்ல எவன் இருக்கான்? இது வேற எவனுக்கோ லா."

கிழித்து அடுப்பில் போட்டார். வழக்கு நாளில் போகவில்லை. மகள் கிளாரிஸிடம் சொல்லவும் இல்லை. அவளுக்குத் தெரியவந்தபோது வெளியேற்ற உத்தரவு கையெழுத்தாகியிருந்தது.

இடிக்க வந்த திங்கட்கிழமை காலை, தடை உத்தரவு கேட்டு அவள் வக்கீலோடு நீதிமன்றத்தில் இருந்தாள். கிளம்புமுன் போன் செய்திருந்தாள்.

"பதினொரு மணிக்குள்ள ஆர்டர் வாங்கிடுவேன், டாடி. அது வரைக்கும் யாரு மேலயும் கை வைக்காதீங்க."

"நீ வாங்கிட்டு வா. நான் நிறுத்தி வைக்கிறேன்."

ஒன்பது நாற்பதுக்கே மனு தள்ளுபடியானது. போனில் சொன்னால் மனிதர் உடைந்துபோவார், நேரில் சொல்லலாம் என்று கிளாரிஸ் காரை எடுத்தாள். கிரீன் லேன் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் வின்சென்ட் இரண்டு கைகளையும் விரித்து வீசினார். அவசர நிறுத்தம். இடிக்கும் மண்வாரி இயந்திரத்தை ஓட்டிவந்த கமாலுதீன், சைகைக்குக் கட்டுப்படும் பழக்கதோஷத்தில் நிறுத்தியேவிட்டான்.

"மாமா, நவுருங்க. எனக்கும் மேல ஆளு இருக்கு."

"பதினொன்னு வரைக்கும் பொறுடா. ஆர்டர் வருது."

உத்தரவை நிறைவேற்ற வந்திருந்த நீதிமன்ற அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார். லாரியிலிருந்து எட்டுக் கூலியாட்கள் குதித்தார்கள். ஒருவன் பல்லைக் காட்டினான்.

"அங்கிள், நெலம் ஒங்க அப்பன் வாங்குனதா?"

வின்சென்ட் வாசலோரம் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தார். முதல் அடியில் அவன் தாடை பிளந்தது. இரண்டாவது அடி இன்னொருவன் முழங்கையை நொறுக்கியது. மூன்றாவதற்குக் குழாய் கையில் இல்லை. அதன் பிறகு பூட்ஸ்கள்தான். விலா இரண்டு, இடது தோள், கன்ன எலும்பு. ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்துச் சிமெண்டுப் படியில் மோதினான். மறுபடி மோதினான். மூன்றாம் முறைதான் காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்தார்.

வின்சென்ட் எழுந்தார். மண்வாரியை நோக்கி நான்கு எட்டு வைத்து விழுந்தார். இழுத்துப்போய் ரம்புத்தான் மரத்தடியில் கிடத்தினார்கள். கமாலுதீன் சமையலறைப் பக்கமிருந்து இடிக்க ஆரம்பித்தான்.

பதினொன்று பத்துக்குக் கிளாரிஸ் ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. மண்டைக்குள் கசிந்துகொண்டிருந்த இரத்தத்துக்கு அவரைக் கொல்ல இன்னும் பத்தொன்பது மணி நேரம் பிடிக்கும்.

"ஆர்டர் கெடச்சிச்சா?"

"கெடச்சிருச்சு, டாடி."

"நிறுத்திட்டானுங்களா?"

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் உத்திரம் முறிந்து தகரக் கூரை சரிந்தது.

"என்ன சத்தம்?"

"திரும்பிப் போறாங்க, டாடி."