முதலில் ஓடுகிறவன்

திருநகரைத் தாண்டிய பிறகுதான் காலில் இன்னும் ஹாக்கி ஷூ இருப்பதைக் கவனித்தேன். தார் ரோட்டில் அதன் அடிக் குமிழ்கள் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து கழற்றிப் பையில் போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஏறினால் ஊருக்குப் போக வேண்டிவரும். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் காலனியில், மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள்.

கிடைக்கவில்லை என்பது ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் முடிவாகியிருந்தது.

ஒரு அரசுத் துறை தன் ஹாக்கி அணிக்கு ஆள் எடுத்தது. தேர்வாகிறவர்களுக்கு அங்கேயே வேலை. கோப்பு தூக்குகிற வேலைதான், ஆனால் நிரந்தரம். என் வாழ்க்கையில் நிரந்தரம் என்று எதுவும் இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் தோற்று வெளியே வந்தவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனி, கோவாவில் மீன் ஏற்றுகிற இடம் என்று போனேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டவில்லை. மட்டையை மட்டும் எல்லா ஊருக்கும் எடுத்துப் போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் நல்ல ஆட்டக்காரனும் இல்லை. பள்ளியில் எப்போதும் உபரி ஆள். என் வகுப்புப் பையன்கள் என்னைவிட ஒரு தலை உயரமாக இருந்தார்கள், வேகமாக ஓடினார்கள். நான் மந்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வயதில் ஊர் திரும்பி, திருப்பரங்குன்றத்தில் ஒரு பாத்திரக் கடையில் மூட்டை தூக்கினேன். சாயங்காலம் ஒரு கிளப்போடு ஆடினேன். ஒரு மேட்சில் பெனால்டி கார்னர் வந்தது. அதில் கோல் கோட்டில் ஐந்து பேர் நிற்போம். எதிரணி ஆள் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளுவான், வட்டத்துக்கு வெளியே ஒருவன் நிறுத்துவான், இன்னொருவன் கோலை நோக்கிச் சுழற்றி வீசுவான். பந்தைத் தள்ளிய கணத்தில் எங்களில் ஒருவன் வீசுகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். பந்து முழங்காலில் படலாம், தொடையில் படலாம், முகத்திலும் படலாம். அன்றைக்கு வழக்கமாக ஓடுகிறவனுக்கு விரல் உடைந்திருந்தது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, நீங்க ஓடுங்களேன். ஒங்களுக்குத்தான் கல்யாணம் காச்சி ஒண்ணும் இல்லையே" என்றான் ஒருவன்.

ஓடினேன். என் மட்டையில் பட்டுப் பந்து எகிறி வெளியே போனது.

அதன்பிறகு அது என் இடமாயிற்று. கால்களில் வேகம் குறைந்திருந்தது, ஆனால் பந்தைத் தள்ளுகிறவனின் மணிக்கட்டு எப்போது அசையும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. எந்தக் கோட்டில் ஓடினால் வீசுகிறவனுக்கு வழி அடைபடும் என்பதும் தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பைக் சீட்டின் ஸ்பாஞ்சை வெட்டி முழங்காலில் கட்டிக்கொண்டேன். பயமும் இல்லை. அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. அடிபட்டால் கெட்டுப்போகிற மாதிரி எதுவும் என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

முப்பத்து மூன்றில் என் பெயர் வெளியூர்களுக்குத் தெரிந்தது. கோவில்பட்டியில் கோடையில் நடந்த ஒரு போட்டியில் ஒரு பெனால்டி கார்னரைக்கூட நான் உள்ளே விடவில்லை. இறுதி ஆட்டத்தில் பந்தை வீச நின்ற எதிரணிப் பையன், பந்தை உள்ளே தள்ளுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கத்தினான்: "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியாய்யா?"

"நீ மொத அடிப்பா, பெறகு பேசு" என்றேன். அவன் வீசியது என் தோளில் பட்டது. மைதானமே எழுந்து நின்றது. தோள் இரண்டு மாதம் வலித்தது. இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும். ஆனால் அந்த ஒரு பிற்பகலில் நான் மந்தமானவன் இல்லை. அங்கே ஆடியவர்களில் நான்தான் பெரிய ஆட்டக்காரன். அதை நான் சொல்லவில்லை, தோற்ற அணியின் பயிற்சியாளர் வந்து சொன்னார். அவர்தான் தன் துறையின் தேர்வுக்கு வரச் சொன்னவர்.

தேர்வு மூன்று நாள். வந்தவர்கள் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். மூன்றாம் நாள் காலை அவர்களிலேயே இரண்டு பேர், "அண்ணே, ஒங்க பேருதான் மொதல்ல இருக்காம்" என்று வந்து கையைக் குலுக்கினார்கள். அதற்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. பள்ளிச் சான்றிதழை நான் அந்த வாரம்தான் முதல்முறையாகப் போய் வாங்கியிருந்தேன். என் பெயரும் அப்பா பெயரும் சரியா என்று மட்டும் பார்த்து உறையில் போட்டு வைத்திருந்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வயசு என்னங்க?"

"முப்பத்தி நாலு சார். ஆதார்ல இருக்கு."

"இதுல முப்பத்தாறு ஆயிருச்சே. முப்பத்தஞ்சு வரைக்குந்தான் எடுப்போம்."

"தப்பா எழுதியிருப்பாங்க சார்."

"ஆதார் நீங்க சொன்னத எழுதுனது. எங்களுக்கு ஸ்கூல்ல என்ன இருக்கோ அதான். பொறப்புப் பதிவு இருக்கா?"

வீட்டில் பிறந்தவன். பதிவு இல்லை. இதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார். "அது முடியுறதுக்குள்ள இன்னும் ரெண்டு வயசு கூடிப்போகும்" என்று அவர் சொன்னது கேலி இல்லை. நடக்கிறதைத்தான் சொன்னார். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். "இத மொதல்லயே பாத்திருக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டுவிட்டு மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். நாற்று நடுகிற இடத்தில் இருந்தாள். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எனக்கு என்ன வயது என்று கேட்டேன்.

"அது எதுக்குடா இப்ப?" என்று சிரித்தாள். "மூணு முடிஞ்சு கொஞ்ச மாசம். ஒன்னைய வரப்புல படுக்க வச்சிட்டு நடவுக்கு எறங்குவேன். ஒரு நா பக்கத்துல பாம்பு கெடந்துச்சு. மறுநாளே இழுத்துக்கிட்டுப் போயி வாத்தியார்ட்ட அஞ்சு முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அங்கன இருந்தா மத்தியானம் சோறும் போடுவாகல்ல."

"அவரு நம்பிட்டாராக்கும்?"

"எங்க நம்புனாரு! கையத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாரு. ஒனக்கு எட்டல. அவரு அங்கிட்டுத் திரும்புன நேரத்துல ஒந்தலையச் சாச்சு நாந்தேன் தொட வச்சேன். தொட்டுட்டான் சார்னேன். ஏதோ ஒரு ஜூன் மாசத்துத் தேதியப் போட்டு எழுதிக்கிட்டாரு." மறுபடி சிரித்தாள். அந்தப் பக்கம் யாரோ என்னவென்று கேட்டார்கள். "எம்மகந்தேன், வேலைக்குப் போயிருக்கான்ல" என்று அவர்களுக்குச் சொன்னாள். பிறகு என்னிடம், "எப்பச் சேரணும்னு சொல்லிட்டாகளாடா?"

"இன்னும் சொல்லலம்மா."

"சொல்லுவாக. நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

நடக்கும்போது அதைத்தான் யோசித்தேன். வகுப்பில் எல்லோரும் என்னைவிட இரண்டு வயது பெரியவர்கள். பாடம் ஏறாததற்கும், மைதானத்தில் பின்தங்கியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அம்மா மேல் கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. பாம்பு கிடந்த வரப்பில் பிள்ளையைப் போட்டு வைக்க யாருக்கு மனசு வரும்? கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வலப்பக்கம் குன்றம் வெயிலில் நின்றது. இன்னும் இரண்டு வருடம் இப்படியே ஆட என் உடம்பு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருடத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை என்பதும் தெரியும். கிளப் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், பிரியாணி வாங்கிக் கொடுப்பார்கள், பஸ் ஏற்றிவிடுவார்கள். பாத்திரக் கடை வேலையைத் தேர்வுக்காக விட்டிருந்தேன். அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

பழங்காநத்தம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில், மூடிய கடை ஒன்றின் முன்னால் படுத்துக்கொண்டேன். அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

விடிந்ததும் கூலிக்கு ஆள் எடுக்கிற முக்கில் போய் நின்றேன். ஒரு மேஸ்திரி டிராக்டரில் வந்து என்னையும் சேர்த்து ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டார். மாடி வீடு ஒன்றுக்குத் தளம் போடுகிற வேலை. சாரத்தில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நிற்க வைத்தார்கள், நான் நடுவில் நின்றேன். கீழே இருப்பவன் கலவைச் சட்டியைத் தூக்கித் தருவான், நான் வாங்கி மேலே இருப்பவனிடம் தர வேண்டும். முதல் இருபது சட்டியிலேயே தோள் வலிக்கத் தொடங்கியது.

"கையி நிக்கக் கூடாதுப்பா, கலவ எறுகிப் போயிரும்" என்று மேஸ்திரி கீழேயிருந்து சத்தம் போட்டார்.

வாங்கினேன், கொடுத்தேன். மத்தியானம் வரைக்கும் நிறுத்தவில்லை.